தொழில்: கூலி

அம்மாவின் மருத்துவக் கோப்பில் ஒன்பது ஆண்டுக் காகிதங்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டு, காசநோய் மாத்திரை அட்டை, எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் அறிக்கை, மூச்சுத்திறன் சோதனைத் தாள். மருத்துவமனைகள் வேறு, கையெழுத்துகள் வேறு. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு வரி மட்டும் மாறவே இல்லை. தொழில்: கூலி.

அந்த ஒரு சொல்தான் அம்மாவின் நுரையீரலைக் காப்பாற்ற முடியாமல் செய்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். விளக்குகிறேன்.

அம்மாவுக்கு வந்திருப்பது ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்ற நோய். ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி என்று தமிழில் சொல்லலாம். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பூஞ்சைத் துகள், நுண்ணுயிரிகள் கலந்த தூசி, பறவை எச்சம் போன்றவற்றைத் தொடர்ந்து மூச்சில் இழுக்கும்போது, சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்கு எதிராக அளவுக்கு மீறிக் கிளர்ந்து எழுகிறது. அந்தக் கிளர்ச்சியில் புண்ணாவது நம் நுரையீரலின் காற்றறைகளும் சிறு மூச்சுக்குழல்களும்தான். ஒரே தூசியில் நிற்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களுக்கு, அந்தத் தூசி ஒவ்வொரு நாளும் விஷம்.

தொடக்கத்தில் இது காய்ச்சல் போலத்தான் இருக்கும். தூசியில் வேலை செய்த நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் குளிர், காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. ஓரிரு நாளில் தானாகத் தணிந்துவிடும். மறுபடி அதே வேலை, மறுபடி காய்ச்சல். இன்னும் சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. வறட்டு இருமலும், நடந்தால் இரைப்பும், எடை குறைவதுமாக மெல்ல மெல்ல வரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பாது.

எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. குறுவை அறுவடை முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். ஈரம் காயாத வைக்கோலைப் போராகப் போட்டால் உள்ளே சூடு ஏறும், பூசணம் பிடிக்கும். இழுத்து உதறினால் வெள்ளைப் புகைபோலத் தூசி பறக்கும். அம்மா இருபது வருடத்துக்கு மேல் ஊர்த்தெருவில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் அந்த வைக்கோலைப் பிடுங்கிப் போட்டாள். சாணி அள்ளினாள், கொட்டகை கூட்டினாள். பால் கறக்க மட்டும் வேறு ஆள். பால் செம்பை அம்மா தொடக் கூடாது. ஒரே கொட்டகை, ஒரே மாடு. பாலுக்கு ஒரு கை, பூசணத்துக்கு ஒரு கை என்று அங்கே பிரித்து வைத்தது எது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் காய்ச்சலோடு வந்து படுத்தால், "சுணை ஒத்துக்கல, காலையில சரியாப் போயிடும்" என்பாள். காலையில் சரியாகவும் போயிருக்கும். அதனால் யாரும் பயப்படவில்லை.

பிறகு இருமல் நிற்காமல் போனது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் மெலிந்த உடம்பு, காலனிப் பெண், கூலி வேலை. ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். அம்மா ஒருநாள் விடாமல் சாப்பிட்டாள், ஒருநாள் விடாமல் கொட்டகைக்கும் போனாள். நுரையீரல் திசுவில் வரும் இத்தகைய நோய்களைக் காசநோய் என்று எண்ணிச் சிகிச்சை தொடங்குவது நம் நாட்டில் அடிக்கடி நடப்பதுதான். அந்த மருத்துவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். என் கேள்வி வேறு. என்ன வேலை செய்கிறாய், அங்கே எதைச் சுவாசிக்கிறாய் என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? ஏனென்றால், "கூலி" என்று எழுதியதுமே அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த நோய்க்கு மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர்களைப் பாருங்கள். விவசாயி நுரையீரல், பறவை வளர்ப்பவர் நுரையீரல், பாலாடைக்கட்டி கழுவுபவர் நுரையீரல். கரும்புச் சக்கைத் தூசியால் வருவதற்கு பகாசோசிஸ் என்று தனிப் பெயரே உண்டு. 1932இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லேண்டில் கேம்ப்பெல் என்ற மருத்துவர், பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணைத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதினார். ஈரப் புல்லில் சூடேறும்போது பெருகும் நுண்ணுயிரிகளே காரணம் என்று 1960களில் தெரியவந்தது. தொழிலை உற்றுப் பார்த்துத்தான் நோயையே கண்டுபிடித்தார்கள். இங்கே நம் தொழிலை உற்றுப் பார்க்க யாருமில்லை. நாற்று நடுபவர், நெல் தூற்றுபவர், சக்கை அள்ளுபவர், தேங்காய் நார் அடிப்பவர், கொட்டகை கூட்டுபவர் எல்லோரும் காகிதத்தில் கூலி.

ஏழாவது வருடம், நகரத்துப் பெரிய மருத்துவமனையில்தான் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். புறா வளர்க்கிறீர்களா, வீட்டில் ஏர்கூலர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. பயிற்சியில் இருந்த ஒரு பெண் மருத்துவர்தான் கட்டிலில் உட்கார்ந்து, "காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன வேலை செய்வீங்கம்மா, சொல்லுங்க" என்றார். அம்மா சொல்லத் தொடங்கினாள். வைக்கோல் என்ற சொல் வந்ததும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். ஒன்பது வருடக் காகிதத்தில் எங்கேயும் இல்லாத தகவல், ஐந்து நிமிடப் பேச்சில் கிடைத்தது.

அதற்குள் தழும்பு விழுந்திருந்தது.

"தோழர், தூசிக்குச் சாதி தெரியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012 முதல் 2015 வரை இந்தியாவின் 19 நகரங்களில் 27 மருத்துவ மையங்களில் நடந்த நுரையீரல் திசு நோய்ப் பதிவேட்டில் 1,084 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு இருந்தது இந்த நோய்தான். அவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏர்கூலரோடு தொடர்பு இருந்தது. ஆக, கூலர் வாங்க வசதியுள்ள வீட்டுக்கும் இது வரும். ஆனால் கூலர்தான் காரணம் என்று தெரிந்தால் அணைத்துவிடலாம். மாடத்தில் புறா அடைந்தால் வலை கட்டலாம். கொட்டகைதான் காரணம் என்று தெரிந்த பிறகு என் அம்மா என்ன செய்வாள்? இன்னொன்றும் உண்டு. நகரத்து மையத்தின் வாசலை எட்டியவர்கள்தான் பதிவேட்டில் ஏற முடியும். காசநோய் மாத்திரையோடு ஊரிலேயே முடிந்துபோனவர்களை எந்தப் பதிவேடும் எண்ணாது.

இந்த நோயின் முடிவைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, தழும்பு விழுந்துவிட்டதா என்பது. 2020இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் நோயைத் தழும்புள்ளது, தழும்பில்லாதது என்றே பிரிக்கிறது. தழும்பு விழும் முன் தூசியிலிருந்து விலகினால் பலர் தேறிவிடுகிறார்கள். இன்னொன்று, காரணம் கண்டுபிடிக்கப்பட்டதா என்பது. காரணமான பொருள் இன்னதென்று தெரியாத நோயாளிகள் குறைந்த காலமே உயிர்வாழ்கிறார்கள் என்று 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஸ்டீராய்டு உண்டு, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து உண்டு, தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும் நின்டெடானிப் உண்டு. ஆனால் எல்லா மருந்துக்கும் முதல் மருந்து, அந்தத் தூசியிலிருந்து விலகுவது.

அதைத்தான் அந்த மருத்துவரும் சொன்னார்: "அந்த வேலைய உடனே விட்டுடணும்மா." அம்மா சொன்னாள்: "விட்டுடலாம் டாக்டரம்மா. அக்கா கல்யாணத்துக்கு அவங்ககிட்ட வாங்கின பணத்துக்கு என்ன சொல்றது? வேற வேலை எங்க இருக்கு?"

அண்ணல் அம்பேத்கர் 1936லேயே இதைச் சொல்லிவிட்டார். பிறப்பால் தொழிலை ஒதுக்கி வைத்து, வேறு தொழிலுக்கு மாறவும் விடாத அமைப்பு சாதி என்று. அதைப் பொருளாதார வாதமாகத்தான் படித்திருந்தேன். மருத்துவமனைக் கட்டிலருகே நின்றபோதுதான், மாற முடியாத வேலை என்பது மருந்து எடுத்துக்கொள்ள முடியாத நோய் என்று புரிந்தது.

சட்டத்துக்கு இந்த நோய் தெரியாமலும் இல்லை. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழில்சார் நோய்களில் பகாசோசிஸையும் கரிமத் தூசியால் வரும் இந்த நுரையீரல் ஒவ்வாமையையும் சேர்த்திருந்தது. ஆனால் தொடர்ந்து வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும். வருகைப் பதிவேடு இல்லாத, சம்பளச் சீட்டு இல்லாத, கொட்டகைக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தவள் எதைக் காட்டுவாள்?

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல, தோழர்களே. நோயாளிச் சீட்டில் "கூலி" என்று எழுதுவதை நிறுத்துங்கள். என்ன வேலை, எத்தனை வருடம், எந்தத் தூசி என்று மூன்று வரி எழுதுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறது, சர்க்கரை பார்க்கிறது. அதே வாசலில் நின்று, வேலை முடிந்த சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா என்றும் கேட்கட்டும். வேலையை விடச் சொல்லும்போது அந்தச் சீட்டோடு மாற்று வேலைக்கும் உதவித்தொகைக்கும் வழி இருக்கட்டும். மருத்துவம் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே, சீட்டு எழுதும் பேனா நாளை உங்கள் கையில்தான் இருக்கப்போகிறது.

அம்மா இப்போது ஆக்சிஜன் இயந்திரத்தோடு வீட்டில் இருக்கிறாள். மின்சாரம் போனால் எங்களுக்கும் மூச்சு நிற்கிறது. கொட்டகை வேலைக்கு வேறொரு பெண் போகிறாள். எங்கள் தெருவில் நான்காவது வீடு. போன வாரம் அவளுக்குச் சாயங்காலக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்து, இந்தக் கட்டுரையில் உள்ளதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "வேற வேலை இருந்தா சொல்லு தம்பி" என்றாள்.