எடுத்துச் சென்றவையும் விட்டுச் சென்றவையும்



லண்டனில் வாழும் என் தங்கையின் குடும்பத்தினர் 2024 செப்டம்பரில் கிரேக்கத் தீவுகளைப் பார்க்கக் கப்பலில் புறப்பட்டபோது, எங்கள் உம்மாவையும் என்னையும் உடன் அழைத்துச் சென்றார்கள். உல்லாசக் கப்பலில் ஒரு மௌலவிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் தயங்கவே செய்தேன். ஆனால், பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் ஏவுகின்றதல்லவா? மதுவும் ஆட்டமும் உள்ள பக்கம் போகாமல், மீனும் மரக்கறியும் உண்டு, தொழுகைகளைச் சுருக்கியும் சேர்த்தும் தொழுதுகொண்டு அப்பயணத்தைச் செய்தோம்.

ஒரு நாள் சுபஹுக்குப் பின் மேல்தளத்துக்கு வந்து பார்த்தால், எதிரே செங்குத்தான பாறைச் சுவர். கறுப்பும் சிவப்புமான அந்தப் பாறையின் உச்சியில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளை வீடுகள். அதுவே சன்டோரினித் தீவின் தலைநகரான ஃபிரா. கடலிலிருந்து ஏறத்தாழ 260 மீற்றர் உயரத்தில் மலை விளிம்பில் அமர்ந்திருக்கின்றது. பெரிய கப்பல்கள் பழைய துறைமுகத்தில் கரையோடு அணைய முடியாது. சிறு படகுகளில் இறங்கி, 588 படிகளை நடந்தோ கழுதை மீதோ ஏற வேண்டும். இல்லையேல் 1979இல் அமைக்கப்பட்ட கேபிள் காரில் செல்லலாம். வெயிலில் நின்ற அந்த வாயில்லாப் பிராணிகளைக் கண்ட உம்மா, "அதுகள்ட முதுகில ஏற மனசு வருதில்ல மகன்" என்றார். கேபிள் காரிலேயே ஏறினோம்.

மேலிருந்து பார்ப்போர் அனைவரும் கமராவைத் தூக்குகின்றனர். அழகுதான், சுப்ஹானல்லாஹ்! ஆனால், நமது கப்பல் நின்ற அந்தக் கடல் உண்மையில் ஓர் எரிமலையின் வாய் என்பதை அறிந்தால் அந்த அழகு வேறு விதமாகத் தோன்றும். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் அம்மலை வெடித்து, நடுப்பகுதி அமிழ்ந்து, கடல் உள்ளே புகுந்தது. எஞ்சிய விளிம்பின் மீதுதான் இன்றைய வீடுகளும் ஹோட்டல்களும் நிற்கின்றன.

அங்கிருந்து பஸ் வண்டியில் தீவின் தென்பக்கமுள்ள அக்ரோதிரிக்குச் சென்றோம். எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்துகிடந்த பழைய ஊர் அது. 1967இல் ஸ்பிரிடொன் மரினாதொஸ் என்ற கிரேக்க ஆய்வாளர் அதைத் தோண்ட ஆரம்பித்தார். இரண்டு மூன்று மாடி வீடுகள், கழிவுநீர் செல்லும் கான்கள், சுவர்களில் வர்ணச் சித்திரங்கள், தானியமும் பருப்பும் சேமித்த பெரிய சாடிகள். என் தங்கையின் மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மாமா, ஆக்கள் எங்க?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. தோண்டப்பட்ட அந்த வீடுகளுள் மனித உடல் ஒன்றேனும் கிடைக்கவில்லை. மலை வெடிப்பதற்கு முன் நிலம் அதிர்ந்திருக்கின்றது. இடிந்தவற்றைச் சீர்செய்யவும் அம்மக்கள் ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுக்கு வெளியே அடுக்கி வைத்த கட்டில்களின் அச்சு சாம்பலில் பதிந்திருந்தது. பின்னர் எச்சரிக்கை முற்றவே, எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டுவிட்டார்கள்.

"நகையத்தான் முதல்ல எடுத்திருப்பாங்க" என்றார் உம்மா. அவர் சொன்னது சரியே. அத்தனை செல்வமாக வாழ்ந்த ஊரில் கிடைத்த பொன் பொருள் 1999இல் எடுக்கப்பட்ட சிறிய காட்டாட்டு உருவம் மட்டுமே எனலாம். மாவும் பருப்பும் சாடியில் நின்றுவிட்டன. பொன் கூடவே போய்விட்டது.

நாங்கள் திரும்பிச் சில மாதங்களில், 2025 ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் அதே தீவு மீண்டும் அதிர்ந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினர். 1956 ஜூலையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பூகம்பத்தை அவ்வூர் மறக்கவில்லை போலும்.

சகோதரிகளே! நிலம் அதிர்ந்தால் புறப்பட வேண்டுமென்பது எல்லோருக்கும் விளங்குகின்றது. நமக்கு வரும் அதிர்வுகள் மட்டும் ஏன் விளங்குவதில்லை? நரைத்த முடி, மங்கும் பார்வை, பக்கத்து வீட்டு ஜனாஸா, இவையெல்லாம் எச்சரிக்கைகள் அல்லவா? அக்ரோதிரி மக்களாவது பொன்னை எடுத்துச் சென்றார்கள். நாம் போகும் பயணத்தில் அதுவும் கூட வராது. விட்டுச் செல்லும் பொன்னுக்குக் கணக்கு மட்டும் கூடவே வரும்.

எங்கள் பகுதியில் ஒரு விதவைத் தாய் இருந்தார். நம்பிக்கையானவர் என்பதால் அயலார் தம் நகைகளை அவரிடம் அமானிதமாக வைப்பார்கள். ஒரு நாள் இரவு திடீரென வபாத்தானார். அலுமாரியில் நான்கு மாலைகள் இருந்தன. எது அவருடையது, எது யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை. மையித்து அடங்குமுன் பிள்ளைகளுக்கும் அயலாருக்குமிடையில் வார்த்தைகள் தடித்தன. வாழ்நாள் முழுவதும் நேர்மையாக இருந்த அத்தாயின் நேர்மை, ஒரு துண்டுக் கடதாசி இல்லாமையால் சந்தேகத்துக்கு உள்ளானது.

வஸிய்யத்துச் செய்ய வேண்டிய விடயம் எதுவும் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். இது ஆண்களுக்கு மட்டுமுரிய விடயமன்று. கடனும் அமானிதமும் இருந்து வேறு சாட்சியில்லையெனில் எழுதி வைப்பது கடமையாகும். ஹஜ்ஜுக்குப் போகுமுன் வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்கிறோம், கடனைத் தீர்க்கிறோம். திரும்பி வரக்கூடிய பயணத்துக்கே அவ்வளவு ஆயத்தமென்றால், திரும்பாத பயணத்துக்கு எவ்வளவு வேண்டும்!

ஆகவே, ஒரு கொப்பி எடுங்கள். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, பிறர் பொருள், சீட்டுப் பணம், விடுபட்ட நோன்பு ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்கு அதன் இடத்தைச் சொல்லி வையுங்கள்.

அன்றிரவு கப்பல் அறையில் இஷாவுக்குப் பின் உம்மா என்னிடம், "மகன், ஒரு கடதாசி எடுங்க" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முடிந்ததும், "ஒங்கட கணக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். மற்றவர்களுக்குப் போதிக்கும் நான் அதுவரை எழுதியிருக்கவில்லை. இன்னொரு கடதாசி எடுத்தேன்.

எச்சரிக்கையைக் கேட்டு ஆயத்தமாகும் கூட்டத்தில் வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.