லேத்தை எறியாதீர்கள், வேகத்தை மாற்றுங்கள்

பழைய மரக்கடைசல் லேத் ஒன்றைக் கண்டதும் நம் பெடியள் சொல்கிற முதல் வசனம் இதுதான்: "வேரியபிள் ஸ்பீட் இல்லையா? அப்ப விட்டுட்டுப் புதுசு வாங்கலாம்." பெட்டைகளும் அதையேதான் சொல்கிறார்கள். இந்தப் பேச்சோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இன்றைய பதிவு அந்தச் சண்டைதான்.

லேத் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியைப் பிடித்து, கிண்ணமோ கதிரைக் காலோ கடைந்தெடுக்கிற மெஷின் அது. தமிழில் இந்த வேலைக்குக் கடைசல் என்று பெயர். தயிர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே சொல். இரண்டையும் ஒரு காலத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்துத்தான் சுழற்றினார்கள்.

நான் வாழும் பிரித்தானியாவில் பள்ளிக்கூடப் பட்டறைகளில் ஹாரிசன் கிராஜுவேட் என்ற லேத் நின்றது. முழுக்க வார்ப்பிரும்பு. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. அந்தப் பாரம் ஒரு குறையல்ல. மரம் சுழலும்போது வரும் அதிர்வை அந்த இரும்புதான் வாங்கிக்கொள்கிறது. பள்ளிகள் மரவேலைப் பட்டறைகளை மூடியபோது இவற்றில் பல மலிவாக விலைக்கு வந்தன. இன்றும் கிடைக்கின்றன.

அதில் நான்கு வேகங்கள்தான் உண்டு. நிமிடத்துக்கு 425, 790, 1330, 2250 சுற்றுகள். வேகம் மாற்ற வேண்டுமென்றால் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டை ஒரு புல்லிப் படியிலிருந்து அடுத்த படிக்குக் கையால் மாற்ற வேண்டும்.

இது உண்மையான குறைதான். கடைசல்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று வேகத்தால் பெருக்கினால், விடை 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். 12 அங்குலக் கிண்ணத்துக்கு அது 500 முதல் 750 வரை. மேலே உள்ள நான்கு வேகங்களைப் பாருங்கள். 425 போதாது, 790 கூடிவிட்டது. நடுவில் ஒன்றுமில்லை. அவசரக்காரர் ஒருவர் அதை 1330இல் ஓடவிட்டால் கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு 76 கிலோமீட்டர் வேகத்தில், அவருடைய முகத்துக்கு ஓரடி தூரத்தில் ஓடும். மரத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே குறை உண்மை. "புதுசு வாங்கு" என்ற தீர்ப்புதான் பிழை.

அதே காசுக்குக் கிடைக்கும் புதிய லேத்துகளைத் தட்டிப் பாருங்கள். பாரம் குறைவு, இரும்பு மெல்லிசு. முன்னால் அழகான டிஜிட்டல் திரை. உள்ளே அந்த ஒரு மாடலுக்கென்றே செய்த கன்ட்ரோல் போர்டு. என் நண்பர் ஒருவரின் புதிய லேத்தில் மூன்றாம் வருடம் அந்தப் போர்டு செத்தது. விற்ற கடையில் கேட்டால், அந்த மாடல் நின்றுபோய்விட்டது, உதிரிப்பாகம் வராது என்றார்கள். பேரிங் நல்லது, தண்டு நல்லது, மோட்டர் நல்லது. உள்ளங்கை அளவு போர்டு ஒன்று போனதால் முழு மெஷினும் கராஜில் மேசையாகிவிட்டது. இதைத்தான் முன்னேற்றம் என்று நமக்கு விற்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "டிம்மர் சுவிட்ச் ஒன்றைப் போட்டால் முடிந்தது" என்பார்கள். அவர்களையும் நம்பாதீர்கள். பழைய லேத்துகளில் இருப்பது பெரும்பாலும் இன்டக்ஷன் மோட்டர். அதன் வேகத்தை முடிவு செய்வது மின்சாரத்தின் அதிர்வெண். இங்கே 50 ஹெர்ட்ஸ், கனடாவில் 60. டிம்மர் அதிர்வெண்ணைத் தொடுவதே இல்லை, மின்னழுத்தத்தை மட்டும்தான் குறைக்கிறது. அழுத்தம் பாதியானால் முறுக்குவிசை கால்வாசியாகிவிடும். மோட்டர் திணறும், சூடேறும். ஒற்றை ஃபேஸ் மோட்டராக இருந்தால் உள்ளே இருக்கும் ஸ்டார்ட் சுவிட்ச், வேகம் விழுந்தவுடன் மறுபடியும் மூடிக்கொள்ளும். சில நொடிகளுக்கென்றே சுற்றிய ஸ்டார்ட் வைண்டிங் தொடர்ந்து ஓடிக் கருகும்.

சரியான வழி மூன்று ஃபேஸ் மோட்டரும் வி.எஃப்.டி. என்ற பெட்டியும். வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸை அந்தப் பெட்டி முதலில் டி.சி. ஆக்குகிறது. பிறகு அதை வேகமாக வெட்டி வெட்டி, நாம் கேட்கும் அதிர்வெண்ணில் மூன்று ஃபேஸாகத் தருகிறது. அதிர்வெண்ணைக் குறைக்கும்போது அழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைப்பதால் முறுக்குவிசை விழுவதில்லை. பெல்ட்டை 790 படியில் வைத்து 38 ஹெர்ட்ஸுக்குத் திருப்புங்கள். கிட்டத்தட்ட 600 சுற்று. 12 அங்குலக் கிண்ணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

விலையுயர்ந்த புதிய லேத்துகள் பலவற்றின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். ஆனால் நீங்களே பொருத்தியது பொதுவான சாமான். அது பழுதானால் வேறு எந்தக் கம்பனியின் பெட்டியையும் அதே இடத்தில் மாட்டலாம். எந்த மாடல் நின்றுபோனாலும் உங்கள் லேத் நிற்காது.

இந்த வேலையில் பலரும் கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. "இனி பெல்ட் எதற்கு?" என்று படிகளை மறந்துவிடுகிறார்கள். மோட்டரின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் வலுவும் பாதியாகிவிடும். 1330 படியில் வைத்து 16 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் 425 சுற்றுதான், 425 படியில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் 425 சுற்றுதான். முதலாவதில் மோட்டரின் வலுவில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதன் சொந்த விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் மோட்டர் சூடேறும். பெரிய மாற்றத்துக்குப் பெல்ட், சிறிய மாற்றத்துக்கு வி.எஃப்.டி. பழையதும் புதியதும் சேர்ந்து உழைக்க வேண்டும்.

"கரண்ட் விஷயம், ஆபத்து" என்று அம்மா சொல்வார். அம்மா சொல்வது சரி. அதனால் சில சட்டங்கள்.

மோட்டரின் தகட்டை வாசியுங்கள். 230/400 என்று இருந்தால் டெல்டா இணைப்பில் 230இல் ஓடும். பழைய பள்ளி மோட்டர்கள் சிலவற்றில் 415 மட்டும் இருக்கும். அவற்றின் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள் புதைந்திருக்கும். அதை வைண்டிங் செய்பவரிடம் கொடுங்கள், அல்லது மோட்டரை மாற்றுங்கள்.

வி.எஃப்.டி.க்கும் மோட்டருக்கும் நடுவில் சுவிட்ச் போடாதீர்கள். ஸ்டார்ட், ஸ்டாப் எல்லாம் பெட்டியின் கன்ட்ரோல் வயர்களில்தான். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் லேத் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. அப்படி செட் செய்யுங்கள்.

உச்ச அதிர்வெண்ணுக்கு எல்லை வையுங்கள். 2250 படியில் 50 ஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டாம்.

பிரேக்கைக் கடுமையாக வைக்காதீர்கள். சக் திருகில் நிற்கிறது. தண்டு சட்டென்று நின்றால் சக் கழன்று பறக்கும். தலைகீழாகச் சுழற்றினாலும் அதே கதை.

மரத்தூள் பெட்டிக்குள் போகாமல் மூடுங்கள். எர்த் வயரை மறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டர்களில் சில நிமிடங்கள் மின்சாரம் நிற்கும். கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காத்திருங்கள். இவற்றில் ஒன்றாவது புரியவில்லை என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் இல்லை.

பழைமை விரும்பிகளுக்கும் ஒரு பதில். "அந்தக் கால மெஷினைக் கெடுக்காதே" என்கிறார்கள். கயிறும் கால்மிதியும் போன இடத்தில்தான் மோட்டர் வந்தது. அன்று அதைக் கெடுத்தல் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். இரும்பில் ஒரு புதுத் துளைகூட இல்லாமல் இதைப் பொருத்தலாம். பழைய மோட்டரை எண்ணெய் துடைத்து அலுமாரியில் வையுங்கள். நாளைக்கே திரும்ப மாட்டலாம்.

கடைசியாக நமக்குள் ஒரு கதை. நம் சமூகம் இன்ஜினியர்களை டசின் கணக்கில் உருவாக்குகிறது. என்னிடமும் மாஸ்டர்ஸ் இருக்கிறது. வேலை முழுக்கத் திரைக்கு முன்னால்தான். ஆனால் ஒரு மோட்டர் மூடியைத் திறந்து பார்த்த நம் பட்டதாரிகள் எத்தனை பேர்? கையால் செய்யும் வேலை படிக்காதவர்களுக்கு என்ற எண்ணத்தை நம் பெற்றோர் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. நமக்கு அந்த நியாயம் இல்லை. வி.எஃப்.டி.யின் கையேட்டை வாசித்துப் புரிந்துகொள்ளும் படிப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பானரைப் பிடிக்கும் கை மட்டும்தான் பழக வேண்டும்.

உங்கள் ஊரில் பழைய சாமான் விற்கும் இடங்களைப் பாருங்கள். வார்ப்பிரும்பு லேத் ஒன்று வந்தால் மோட்டர் ஓடுகிறதா என்று கேட்காதீர்கள். தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஆட்டமில்லாமல், சத்தமில்லாமல் சுழன்றால் வாங்குங்கள். மிச்சத்தை நாமே செய்யலாம்.