வாலிபர் தொண்டுக்குப் பட்டமா?

சென்ற வாரம் வாலாஜாபாத்தில் ஒரு சிறு கூட்டம் பேசி முடித்துவிட்டு ரயில் நிலையத்துக்குப் புறப்படுகிற சமயத்தில், ஒரு வாலிபத் தோழர் தமது தகப்பனாரையும் கையோடு கூட்டிக்கொண்டு நம்மிடம் வந்தார். தகப்பனார் தறி நெய்து ஜீவிப்பவர். மகன் பி.ஏ. தேறியிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரிலிருக்கும் வாலிபர் முன்னேற்ற தேசிய ஸ்தாபனத்தில் சேர்ந்து, வாலிபர்களுக்கு வழிகாட்டும் வேலையையே தொழிலாகக் கொள்ளுவதற்கான எம்.ஏ. படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தகப்பனார் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, பசங்களோட சுத்தறதுக்கும் ஒரு எம்.ஏ.வா? அதைத்தான் இவன் காசில்லாமலே பண்ணிக்கிட்டிருக்கானே?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரயிலில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோது, அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியல்ல என்றே நமக்குத் தோன்றிற்று. ஆகவேதான் இந்த வாரத் தலையங்கத்தை அதற்கே செலவிடுகிறோம்.

முதலாவது, வாலிபர்களிடையே வேலை செய்கிறவர்கள் இன்று நாட்டில் இல்லையா என்று பார்ப்போம். ஏராளமாய் இருக்கிறார்கள். ஜாதிச் சங்கத்தான் இருக்கிறான். அவன் எட்டாவது படிக்கும் பையனைப் பிடித்து மணிக்கட்டில் ஜாதிக்கொரு நிறமாய்க் கயிறு கட்டிவிடுகிறான். கோயில் திருவிழாக் கமிட்டிக்காரன் இருக்கிறான்; அவன் பையனுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்து, அடுத்த தெருவுக்குள் தேர் வரக்கூடாது என்று சண்டைக்கு அனுப்புகிறான். சினிமாக்காரனுக்கு மன்றமிருக்கிறது. சாராயக்காரனுக்கு ஆளிருக்கிறது. இப்போது கையடக்க டெலிபோனிலேயே இராப்பகலாய் வாலிபனுக்கு உபதேசம் செய்கிறவர்கள் ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள். இவர்களில் எவனையாவது, "உனக்கு என்ன படிப்பு? எந்தச் சர்வகலாசாலையில் தேறினாய்? வாலிபன் மனதைத் தொட உனக்கு என்ன யோக்கியதை?" என்று எவராவது கேட்டதுண்டா? கெடுக்கிறவனுக்கு யோக்கியதாபத்திரம் வேண்டியதில்லை, திருத்த வருகிறவன் மாத்திரம் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கிறோம். வேடிக்கையாயில்லையா?

வயதைப் பற்றி நம் பக்கத்தாருக்கு இருக்கிற எண்ணம் மிகப் பழையது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத மேடையில்லை. குடவோலை வைத்துத் தேர்தல் நடத்தினோம், உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்கிறார்கள். நல்லது. அந்தக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டு வாக்கில் வெட்டப்பட்ட இரண்டாவது கல்வெட்டின்படி, ஓலையில் பேர் எழுதப்பட வேண்டியவனுக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவனாயிருந்தால் அரைக்கால் வேலியே போதும்! அதாவது நிலத்தில் பாதி தள்ளுபடி. பெண்ணுக்கு இடமில்லை, உழுகிறவனுக்கு இடமில்லை, 34 வயதுக்காரனுக்கும் இடமில்லை. அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. ஆகையால் நாம் ஆச்சரியப்படவில்லை. ஆனால் அதே உத்திரமேரூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் இருபது வயதுப் பையன் ஊர்க்கூட்டத்தில் வாயைத் திறந்தால், "சின்னப் பயல், உட்கார்" என்கிறார்களே, அதைத்தான் சொல்லுகிறோம்.

நமது இயக்கம் இதற்கு நேர்மாறாக நடந்து வந்தது. பாலாற்றோடு கிழக்கே போனால் செங்கல்பட்டு. அங்கே 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு கூடி, ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தபோது, ஊர் ஊராய் அந்தத் தீர்மானங்களைச் சுமந்துகொண்டு போனவர்களில் வாலிபர்கள் அநேகம். அவர்கள் எந்தப் பட்டமும் வாங்கினவர்களல்ல. நாமும் பத்தாவதோடு நின்று, வாசகசாலைப் பெஞ்சியில் மீதியைப் படித்தவர்கள்தாம். ஆகவே, பட்டமில்லாதவன் தொண்டு செய்யமுடியாது என்று நாம் சொல்லப் போவதில்லை. சொன்னால் நம்மை நாமே தள்ளுபடி செய்துகொண்டதாகும்.

ஆனால் நம்முடைய அனுபவத்திலேயே ஒன்று சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் 17 வயதுள்ள ஒரு பெண் நம்மிடம் வந்து, தன் வீட்டிலேயே ஒரு உறவினன் தன்னிடம் முறைகேடாய் நடந்துகொள்ளுவதாகவும், யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் சொல்லி அழுதது. நாமும் பெரிய மனிதரைப் போல, "சொல்லமாட்டோம் அம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். அப்படி வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையே கிடையாது என்பது பிற்பாடுதான் ஒரு வக்கீல் தோழர் சொல்லித் தெரிந்தது. 2012-ஆம் ஆண்டு போக்ஸோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இப்படிப்பட்ட கொடுமை நடந்ததாய்த் தெரிந்தவன் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவுப்படி அவனுக்கே தண்டனை உண்டு. சட்டம் கிடக்கட்டும், நாம் மௌனமாயிருந்த அந்த இரண்டு வாரமும் அந்தப் பெண் அதே வீட்டில்தான் படுத்துறங்கிற்று. நமக்கு நல்லெண்ணம் இருந்தது. வேலை தெரியவில்லை. படித்தவனாயிருந்தால் முதல் வார்த்தையிலேயே, "அம்மா, நீ சொல்லுவதில் எதை நான் இரகசியமாய் வைத்துக் கொள்ளலாம், எதை வைத்துக் கொள்ள முடியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்" என்று ஆரம்பித்திருப்பான். இதற்குப் பெயர்தான் தொழில்.

அந்தத் தகப்பனார் தறியில் உட்கார்ந்தவர். அவருக்கு இது விளங்கும். நூலின் மேல் ஆசை இருந்தால் மாத்திரம் புடவை வந்துவிடுமா? பாவு ஓட்டத் தெரிய வேண்டும், அச்சுப் பிணைக்கத் தெரிய வேண்டும், அறுந்த இழையைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டும்.

மற்ற தேசத்தார் இதை எப்போதோ தெரிந்துகொண்டார்கள். இங்கிலாந்தில் 1960-ஆம் ஆண்டு ஆல்பெமார்ல் கமிட்டி அறிக்கை வெளிவந்தவுடன், அடுத்த வருஷமே லெஸ்டர் நகரத்தில் வாலிபர் தலைவர்களைப் பழக்கும் தேசியக் கலாசாலை திறக்கப்பட்டது. அங்கே 2010 முதற்கொண்டு இந்தத் தொழிலில் அங்கீகாரம் பெறுவதற்குப் பட்டப்படிப்பே குறைந்தபட்ச யோக்கியதையாக்கப்பட்டது. மால்டா என்று ஒரு சிறு தீவு. நம் ஜில்லா அளவுகூட இல்லை. அது 2014-ஆம் ஆண்டிலேயே வாலிபர் வேலையை ஒரு தொழிலாக ஒப்புக்கொண்டு சட்டமியற்றிவிட்டது.

நம் தேசத்தில் என்ன நடந்தது? 1969-இல் 37 சர்வகலாசாலைகளில் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. 1972-இல் நேரு யுவ கேந்திரங்கள் வந்தன. 1993-இல் ஸ்ரீபெரும்புதூர் ஸ்தாபனம் சங்கமாய்ப் பதிவாயிற்று. 1991 மே 21-இல் அந்த ஊரில் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தி பெயரை அதற்கு வைத்தார்கள். 2008-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 2012-இல் பார்லிமெண்டு தனிச் சட்டமே போட்டுத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமென்று அறிவித்தது. வாலாஜாபாத்திலிருந்து ஒருவன் காலையில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ப் பார்த்துத் திரும்பி வந்துவிடலாம். ஆனாலும் நம் கிராமங்களில் இப்படி ஒன்று பக்கத்திலிருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதே ஊரில் இராமானுஜர் பிறந்தார், அவர் கோபுரத்தின் மேலேறி மந்திரத்தைக் கூவினார் என்பது மாத்திரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கூவினது கேட்டு எந்தத் தெருவிலாவது ஜாதி ஒழிந்ததா என்று கேட்டால் கோபம் வருகிறது. நிற்க.

படிப்பு இருக்கிறது, ஸ்தாபனம் இருக்கிறது. குறை எங்கேயென்றால் படித்து வெளியே வந்த பிறகுதான். வக்கீலுக்கு 1961-ஆம் ஆண்டு அட்வகேட் சட்டம் இருக்கிறது. மருந்து கொடுக்கிறவனுக்குப் பதிவு இருக்கிறது. பள்ளியில் ஒன்றாவது வகுப்புக்குப் பாடம் சொல்லப் பரீட்சை இருக்கிறது. வாலிபர் வேலைக்குப் படித்தவனுக்கு இந்தியாவில் பதிவுமில்லை, கவுன்சிலுமில்லை, இந்த வேலைக்கு இந்தப் படிப்புக்காரன்தான் என்ற விதியுமில்லை. சர்க்காரே பட்டத்தையும் கொடுத்து, அந்தப் பட்டத்துக்கு மதிப்பில்லாமலும் செய்தால், நெசவுக்காரர் மகன் என்ன செய்வான்? பணக்கார வீட்டுப் பையன் "சேவை" என்று இரண்டு வருஷம் சும்மா சுற்றலாம். இவனால் முடியுமா?

இங்கே தமிழ்நாட்டு சர்க்காருக்கு ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவன் கூடப் படித்த பையன்களே ஜாதி காரணமாய் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பேரில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை வைத்து ஒரு நபர் கமிட்டி போடப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அதில் 500-க்கு மேற்பட்ட மாணவர்களுள்ள ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரு நல அதிகாரியைப் போட வேண்டும், ஜாதிக் கொடுமை, போதை வஸ்து, பெண்களிடம் முறைகேடு ஆகியவற்றை அவர் கவனிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்யப்பட்டிருக்கிறது. கையில் கட்டும் கயிற்றைத் தடுக்க வேண்டுமென்றும் சொல்லப்பட்டிருக்கிறது. கயிற்றைப் பற்றித்தான் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அந்த அதிகாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. நாம் கேட்பது அதுதான். கயிற்றை அறுத்துவிடுவது சுலபம். அறுத்த மறுநாள் அந்தப் பையனிடம் பேச ஆள் வேண்டாமா? அந்த உத்தியோகத்தை உண்டாக்கி, அதற்கு இந்தப் படிப்புப் படித்தவர்களை, 69 சதவீத இட ஒதுக்கீட்டு முறைப்படி எடுத்துக் கொண்டால், ஒரே காரியத்தில் இரண்டு கேட்டுக்கும் பரிகாரம் உண்டு.

தொழிற்சாலைப் பக்கமும் வேலை கிடக்கிறது. ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை எங்கும் பதினெட்டும் இருபதுமான பிள்ளைகள் பஸ் பஸ்ஸாய் வந்து இறங்குகிறார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு வேலை செய்யும் பெண்கள், விடுதிச் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, பெங்களூர் ரஸ்தாவில் உட்கார்ந்து மறித்தார்கள். அதற்கு முன் அந்தப் பெண்கள் தங்கள் குறையை யாரிடம் சொல்லிக் கொண்டிருந்தார்கள்? சொல்ல ஒருவரும் இல்லாததால்தானே ரஸ்தாவுக்கு வந்தார்கள்!

இனி, படிக்கப் போகும் தோழருக்கு இரண்டொன்று. அங்கே பாடம் இங்கிலீஷில். பயப்பட வேண்டியதில்லை; ஆனால் இங்கிலீஷ் புத்தகத்திலிருக்கும் வாலிபன் வேறு, பழையசீவரத்து வாலிபன் வேறு. இந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறான், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறான் என்று பாராமல் "வாலிபர் பிரச்சினை" என்று எழுதுகிறவன், ஜாதியை ஒளித்துவைக்க உதவுகிறவனே ஆவான். களப்பயிற்சிக்குச் சென்னை ஆபீசைத் தேடாதீர்; உம் ஊர்ச் சேரியையும் ஊரையும் தேர்ந்தெடும். கணக்கெழுதக் கற்றுக்கொள்ளும், பத்துப் பேர் கூட்டத்தில் பேசாதிருக்கிற பதினோராவது ஆளைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளும்.

அன்றியும் புதுப் புரோகிதராகிவிடாதீர். நமக்கு இதுதான் பெரிய பயம். பழைய புரோகிதன் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னான். புதிய ஆலோசகன் ஒரு அட்டவணையைப் பார்த்துச் சொல்லுவான். ஒரு உதாரணம் வைத்துக் கொள்ளுவோம். 19 வயதுப் பெண் ஒருத்தி, வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும், வீட்டில் கொன்றுவிடுவார்கள் என்று உம்மிடம் வருகிறாள். "வீட்டோடு சமாதானமாய்ப் போ" என்பது புரோகிதம். "இன்றே ஓடிப்போ" என்பதும், நாம் சொல்லிவிடக் கூடிய பதிலாயிருந்தாலும், புரோகிதந்தான். அவளுக்கு 18 ஆகிவிட்டது, பையனுக்கு 21 ஆயிற்றா. 1954-ஆம் ஆண்டு விசேஷ விவாகச் சட்டத்தில் 30 நாள் நோட்டீசு ஒட்டுவார்கள், அதனால் வரும் ஆபத்து என்ன. 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயமரியாதைத் திருமணத்துக்கு ஐயர் தேவையில்லை, ஊரைக் கூட்டி அறிவிக்கவும் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 2018 மார்ச்சுத் தீர்ப்புப்படி இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் போலீசு பாதுகாப்புக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. யாருக்கு மனுப் போடுவது, அன்றிரவு எங்கே தங்குவது — இவ்வளவையும் அவள் முன் வைத்து, முடிவை அவளிடம் விட்டு, முடிவு செய்த பிறகு கூட நிற்க வேண்டும். அவள் முடிவு உமக்குப் பிடிக்காமலிருந்தாலும் கூட நிற்க வேண்டும். இது உபதேசத்தைவிட நூறு மடங்கு கஷ்டம். நமக்கே இன்னும் முழுதாய்க் கைவரவில்லை.

தகப்பனாருக்கு இவ்வளவும் அன்றைக்கே சொல்ல நேரமில்லை. ரயில் வந்துவிட்டது. "கெடுக்கிறவன் சம்பளமில்லாமலே வேலை செய்கிறான், உங்கள் மகனைச் சம்பளத்தோடு எதிர்ப்பக்கம் நிற்க வைப்போம்" என்று மாத்திரம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு, "அங்க ஆஸ்டலுக்கு எவ்வளவு கட்டணும்னு கேட்டுக்கிட்டு வா" என்று மகனிடம் சொன்னார்.