பெரிய தொட்டி, சின்னக் குழாய்

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். புதுசா கேம்பர் ட்ரெய்லர் வாங்கியிருக்காராம். அதாங்க, காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற மடிப்புக் கூடார வண்டி. ஆஸ்திரேலியாவில் ஸ்கூல் லீவு விட்டா ரோடு பூரா இதுதான்.

"ட்ரெய்லர் பாட்டரி பத்தலை, இன்னொண்ணு போடணும். எது நல்லது?"ன்னார்.

"எதுவும் வேண்டாம், முதல்ல ஒயரைப் பாருங்க"ன்னேன். கஞ்சப்பயன்னு நினைச்சிருப்பார் :-)

நான் பட்டு வந்தவன். அடிலெய்டிலிருந்து வில்பெனா பவுண்ட் சுமார் 430 கிலோமீட்டர், அஞ்சு மணி நேர டிரைவ். இவ்வளவு நேரம் எஞ்சின் ஓடுதே, பாட்டரி ஏறாம எங்கே போகும்னு நம்பிப் போனேன். ரெண்டாவது ராத்திரி ஃபிரிட்ஜ் அவுட். காலையில பார்த்தா இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிட்டு வெளியே நிக்குது. வாங்கி வச்ச கறியைக் குப்பையில போட்டோம். திரும்பி வந்து ஒரு பாட்டரிக் கடையில சொன்னா, "இன்னொரு 100 ஆம்பியர்-ஹவர் போடுங்க"ன்னாங்க. போட்டேன். அடுத்த பயணத்திலும் அதே கதை.

அப்புறம்தான் மீட்டரும் கையுமா உட்கார்ந்தேன். என் வண்டியில ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தருது. அங்கிருந்து ட்ரெய்லர் பாட்டரி வரைக்கும் 8 மீட்டர். போக வர 16 மீட்டர் செம்பு. இந்த ஊர்ல '6 எம்எம் ஆட்டோ கேபிள்'னு விக்கிறதுல அந்த 6 மேலே இருக்கிற பிளாஸ்டிக்கையும் சேர்த்த விட்டம். உள்ளே இருக்கிற செம்பு வெறும் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். அதுல 20 ஆம்பியர் ஓடினா 1.2 வோல்ட் வழியிலேயே காலி. மிச்சம் 13. லெட்-ஆசிட் பாட்டரி ஒழுங்கா நிறைய 14.4 வாக்கில் வேணும். பாட்டரி ஏற ஏற கரண்ட் சுருங்கிக்கிட்டே போகும், அஞ்சு மணி நேரம் போனாலும் அரைகுறைதான். அரைகுறையா கிடந்தா தகட்டுல சல்பேட் படிஞ்சு பாட்டரி ஆயுசும் போச்சு.

மொட்டை மாடியில இன்னொரு தொட்டி வாங்கி வச்சா மட்டும் தண்ணி கூடுதலா வந்துடுமா? கீழேயிருந்து ஏத்துற குழாய் அரை இஞ்ச்தானே? நான் பண்ணினது அதுதான்.

இப்போ பல புது கார்கள்ல இன்னொரு வம்பு. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஓடும்போதே 12.5 பக்கம் இறங்கிடும். வோல்டேஜைப் பார்த்து இணைக்கிற ரிலே, எஞ்சின் நின்னுடுச்சுன்னு நினைச்சுக் கழட்டி விட்டுடும்.

அதனால என் கட்சி இதுதான்: காசு இருந்தா முதல்ல தடிச்ச ஒயர். 6 பி&எஸ்னு கேளுங்க, 13.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. அதே 20 ஆம்பியருக்கு இழப்பு 0.4 வோல்ட்தான். ரெண்டு முனையிலும் பாட்டரி இருக்கு, அதனால ரெண்டு முனையிலும் ஃபியூஸ். அடுத்து, ட்ரெய்லர் பாட்டரி பக்கத்திலேயே ஒரு டிசி-டிசி சார்ஜர். வர்ற வோல்டேஜ் குறைஞ்சாலும் ஏத்தி 14.4 ஆக்கிக் கொடுக்கும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர்னா இக்னிஷன் ஒயரும் கொடுத்துடுங்க. வண்டி நின்னா சார்ஜரும் நிக்கும், ஸ்டார்ட்டர் பாட்டரி தப்பிச்சுடும். ஃபிரிட்ஜ் போனா மாவுதான் போகும். ஆளில்லாத காட்டுல ஸ்டார்ட்டர் படுத்துட்டா என்ன பண்ணுவீங்க?

சார்ஜர் இருக்கேன்னு பழைய மெல்லிசு ஒயரை விட்டுடாதீங்க. 25 ஆம்பியர் வெளியே தர்ற சார்ஜர் உள்ளே 30-க்கு மேல இழுக்கும். இழப்பு இன்னும் ஜாஸ்தி.

"லித்தியம் போட்டா எல்லாம் சரியாயிடும்"னு ஒரு கோஷ்டி இருக்கு. லித்தியம் ரொம்ப வேகமா கரண்டை உறிஞ்சும். சார்ஜர் இல்லாம நேரா கோர்த்தா ஆல்டர்னேட்டர் சூடாகிச் சாகலாம். "சோலார் போதும்"ங்கிறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, ஒரே இடத்துல நாலு நாள் உட்கார்றவங்களுக்கு. தினமும் இடம் மாத்தி ஓடுறவங்களுக்கு, ஓடுற எஞ்சினை வீணாக்குவானேன்?

பாட்டரி கண்ணுக்குத் தெரியும், அதனால விக்கிறது சுலபம். ஒயர் தரைக்கு அடியில கிடக்குது, யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்லை. இருபது டாலர் மல்டிமீட்டர் வாங்குங்க. எஞ்சின் ஓடும்போது முன்னாடி பாட்டரியில எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா கடைக்குப் போகாதீங்க, காருக்கு அடியில படுங்க.

நண்பர் நேத்து அளந்தாராம். 1.1 வோல்ட் காணோம். பாட்டரி ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டார்.