எத்தனை பேர் வந்தார்கள் என்பதா கணக்கு?



ஆண்டு முடியும் தறுவாயில் நம் தமிழ் இஸ்லாமிய இணையதளங்கள் பலவற்றில் ஓர் அறிவிப்பு வெளியாகிறது. அல்ஹம்துலில்லாஹ், இவ்வாண்டு இத்தனை லட்சம் வருகைகள். அவற்றுள் தேடுபொறி வழியே வந்தோர் இத்தனை விழுக்காடு. உடன் ஒரு வண்ண வரைபடம். அதன் கீழே 'மாஷா அல்லாஹ்' என்று வரிசையாக வாழ்த்துகள். தொடங்கி ஓராண்டே ஆன தளமாயின் மகிழ்ச்சி இருமடங்காகிறது. உழைத்தவர் மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் அந்த எண்ணைப் பணியின் பயனாகவும், அதற்கும் மேலே சென்று, அல்லாஹ் அப்பணியை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகவும் காட்டும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த எண் எதை எண்ணுகிறது என்று பார்ப்போம்.

நூறு வருகையாளர் என்றால் நூறு மனிதர் என்று பொருளன்று. எண்ணும் கருவி ஒவ்வோர் உலாவியிலும் குக்கீ என்னும் சிறு அடையாளத்தை இட்டு, அந்த அடையாளத்தையே எண்ணுகிறது. ஒரு சகோதரர் பகலில் கடையின் கணினியிலும் இரவில் தம் கைப்பேசியிலும் படித்தால் அவர் இருவராகிவிடுகிறார். ஒரே கைப்பேசியில் தாயும் மகளும் மருமகளும் மாறி மாறிப் படித்தால் மூவரும் ஒருவராகிவிடுகின்றனர். இவற்றோடு, மனிதரே அல்லாத தானியங்கி நிரல்களும் பக்கங்களைத் திறந்துகொண்டே இருக்கின்றன. அறியப்பட்டவற்றைக் கருவி வடிகட்டுகிறது. எஞ்சியவை நம் 'வாசகர்' கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

படித்தாரா என்பதை அறியும் வழியோ இன்னும் விந்தையானது. 2023 ஜூலை வரை நடைமுறையிலிருந்த பழைய கூகுள் அனலிட்டிக்ஸில், ஒருவர் தேடி வந்து ஒரே கட்டுரையை அரைமணி நேரம் ஊன்றிப் படித்து, மனநிறைவோடு மூடிச் சென்றால், அவர் வந்த வேகத்தில் திரும்பியவராகப் பதிவாவார். அவர் தங்கிய நேரம் சுழியம். இப்போதைய முறையில் பத்து வினாடிக்கு மேல் பக்கத்தில் நீடித்தாலே 'ஈடுபாடு கொண்ட' வருகை. பத்து வினாடியில் ஸூரத்துல் ஃபாத்திஹாவைக்கூட நிறுத்தி ஓதி முடிக்க இயலாது. தேடுபொறியின் அறிக்கையில் 'தோற்றம்' என்றொரு கணக்கும் உண்டு. முடிவுப் பட்டியலில் நம் பெயர் இடம்பெற்றாலே அது ஒரு தோற்றம். தேடியவரின் கண் அதன்மீது பட்டதா என்பது அக்கணக்கிற்குத் தேவையில்லை. அந்தத் தோற்றங்களையும் கூட்டி 'இத்தனை லட்சம் மக்களைச் சென்றடைந்தோம்' என்று எழுதுவது அறியாமையாக இருந்தால் மன்னிக்கலாம். அறிந்தே எழுதினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. நம் தளங்களின் வரைபடம் எங்கே உயர்கிறது? ரமளானில். நோன்பின் நிய்யத், சஹர் நேரம், தராவீஹ், ஸகாத், லைலத்துல் கத்ர், ஃபித்ரா என்று அம்மாதம் முழுதும் தேடல் பெருகுகிறது. ஷவ்வால் பிறை தென்பட்டதும் சரிகிறது. ரமளானோ ஆங்கில ஆண்டில் ஏறத்தாழ பதினோரு நாள் முன்னதாக நகர்ந்துகொண்டே வருகிறது. இன்ஷா அல்லாஹ், 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமளானும் டிசம்பரில் இன்னொரு ரமளானும் தொடங்கும். அவ்வாண்டு நம் தளங்கள் எல்லாம் 'வரலாறு காணாத வளர்ச்சி' என்று அறிவிக்கப்போவதை இன்றே எழுதி வைத்துவிடலாம். ஹிஜ்ரி கணக்கில் வாழும் சமுதாயம் தன் பணியை ஜனவரி முதல் டிசம்பர் வரை அளந்து பெருமிதம் கொள்வதில் உள்ள நகைமுரண் இருக்கட்டும். அளவீடாகவே அது தவறு.

இவையெல்லாம் கருவியின் குறைகள். திருத்திக்கொள்ளலாம், அல்லது பொறுத்துக்கொள்ளலாம். என் வருத்தம் கருவியைப் பற்றியதன்று.

தேடுபொறி வழியே வருபவர் யார் என்று நாம் என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? வழக்கமாக வருபவர் நம்மை அறிந்தவர். நம் எழுத்தின் சுவைக்கு வருகிறார். வாட்ஸ்அப்பில் இணைப்பைக் கண்டு வருபவர் நண்பரின் பொருட்டு வருகிறார். தேடி வருபவரோ தமக்கு ஒரு தேவை ஏற்பட்டதால் வருகிறார். நம் பெயர் அவருக்குத் தெரியாது. தம் கேள்வியை மட்டுமே அறிவார், அதையும் தமக்குத் தெரிந்த சொல்லில் தட்டச்சு செய்கிறார். தமிழகத்தில் ஒருவர் ரமலான் என்பார், ஒருவர் ரமளான் என்பார், இலங்கையில் ரமழான் என்பார்கள்; தமிழ் எழுத்தே தட்டத் தெரியாதவர் 'நோன்பு' என்பதை ஆங்கில எழுத்துகளில் கூட்டி எழுதுவார். எழுத்துப்பிழையோடு வரும் அந்தச் சொற்களுக்குப் பின்னே ஒரு வாழ்க்கை நிற்கிறது. தந்தைக்கு முன்பே மகன் இறந்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா? கணவர் கோபத்தில் மூன்று முறை சொல்லிவிட்டார், இனி என்ன? பிறந்து சில மணி நேரத்தில் இறந்த குழந்தைக்கு ஜனாஸாத் தொழுகை உண்டா? இவற்றை யாரும் பொழுதுபோக்கிற்காகத் தேடுவதில்லை. ஹஜ்ரத்திடம் நேரில் கேட்க நாணி, வீட்டாரிடம் கேட்க அஞ்சி, எல்லோரும் உறங்கியபின் கைப்பேசியைக் கையில் எடுக்கிறார்கள்.

கணவரை இழந்த ஒரு சகோதரியை எண்ணிக்கொள்ளுங்கள். இத்தா காலம். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. செல்லலாமா என்று தேடுகிறார். அவருக்குத் தேவையான விடை நான்கு வரிகளில் அடங்கும். இத்தா நான்கு மாதம் பத்து நாள். கருவுற்றிருந்தால் பிரசவம் வரை. மருத்துவம் போன்ற தேவைக்காக வெளியே செல்ல மார்க்கம் தடையாக நிற்கவில்லை. ஐயம் இருந்தால் அருகிலுள்ள ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் அவர் கண்ணில் படுவது என்ன? 'இத்தாவில் பெண்கள் செய்யும் மாபெரும் தவறுகள்' என்னும் அச்சுறுத்தும் தலைப்பு. உள்ளே சென்றால் முன்னுரை, பின்னர் இத்தாவின் சொற்பொருள், அதன்பின் பிற சமயங்களில் கைம்பெண் நிலை, நடுவே மூன்று விளம்பரங்கள், 'இதையும் படியுங்கள்' என்று ஐந்து இணைப்புகள். விடை கடைசியில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. ஏன் இப்படி? அவர் நீண்ட நேரம் தங்க வேண்டும். இன்னொரு பக்கத்தையும் திறக்க வேண்டும். அப்போதுதான் எண் உயரும். ஒரு விதவையின் அச்சத்தை நம் வரைபடத்திற்கு எரிபொருளாக்கிவிட்டோம். இதற்குத்தான் ஆண்டு முடிவில் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோமா?

'அபஸ' அத்தியாயம் இறங்கிய பின்னணியை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்கிறார்கள். குறைஷித் தலைவர்கள் இஸ்லாத்தை ஏற்றால் அவர்களின் பின்னே ஒரு கூட்டமே வரும் என்ற ஆவலில் நபி (ஸல்) அவர்கள் அவர்களோடு உரையாடிக்கொண்டிருக்கையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள வேண்டி வந்தார். அந்த ஒருவரை விட்டு முகம் திரும்பியதற்காக அல்லாஹ் தன் தூதரையே கண்டித்தான். அங்கே நோக்கம் தூய்மையானது. கூட்டத்தின் மீதான நாட்டமும் தீனுக்காகவே. அப்படியிருந்தும் கண்டிப்பு வந்தது. நம் நோக்கம் அத்துணைத் தூய்மையானது என்று நம்முள் யார் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்?

"அதிகம் பேர் வந்தால்தானே அதிகம் பேருக்கு நன்மை சென்றடையும்? எண்ணிக்கையை வெறுப்பது சோம்பலுக்குப் போர்வை அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. இது வலுவான வாதம். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. யாரும் படிக்காத எழுத்தால் யாருக்கும் பயனில்லை என்பது உண்மையே. பக்கங்கள் விரைவாகத் திறக்க வேண்டும், தலைப்பு தெளிவாக இருக்க வேண்டும், ரமலானும் ரமழானும் இரண்டும் தேடலில் அகப்பட வேண்டும். இவற்றுக்கு உழைப்பவரை நான் குறை கூறவில்லை. வழியில் நிற்பவருக்கு வாசலைக் காட்டுவதும் ஸதகாவே. ஆயினும் எண்ணிக்கை உண்மைக்கு அளவுகோலாகாது. நூஹ் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடையே தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகள் இருந்தும் நம்பிக்கை கொண்டோர் சிலரே. மறுமையில் ஓரிருவரோடு வரும் நபியும் இருப்பார்கள், ஒருவரும் இன்றித் தனித்து வரும் நபியும் இருப்பார்கள் என்பதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ள நபிமொழியில் காண்கிறோம். இன்றைய அறிக்கையில் அவர்களின் வரைபடம் எப்படி இருந்திருக்கும்? பத்ரில் முந்நூற்றுச் சொச்சம் பேர் வென்றதையும், ஹுனைனில் பன்னிரண்டாயிரம் பேர் தம் பெருக்கத்தைக் கண்டு வியந்த வேளையில் அந்தப் பெருக்கம் கைகொடுக்காமற் போனதையும் குர்ஆன் நினைவூட்டியது நமக்காகவும்தான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. தேடலில் முதலிடம் கிடைத்துவிட்டால் நம் விடைதான் சரியானது என்ற எண்ணம் நமக்கும் வருகிறது, வாசகருக்கும் வருகிறது. கூகுள் தோன்றிய 1998 காலத்தில் அதன் அடிப்படையாக அமைந்த முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்று கணக்கிடுவதாகும். இன்று இன்னும் பல அளவுகள் சேர்ந்துள்ளன. ஆயினும் சொன்னவர் நேர்மையானவரா, அவர் யாரிடம் கேட்டார், கேட்டதைச் சரியாக மனத்திலிருத்தினாரா என்று நம் முன்னோர் ஹதீஸின் ஸனதை ஆராய்ந்த ஆய்வு அதில் இல்லை. பிரபலம் வேறு, ஸஹீஹ் வேறு என்பதை இச்சமுதாயம் கூகுளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அறிந்திருந்தது. ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவி (ரஹ்) அவர்கள், மக்களின் நாவில் பரவலாகப் புழங்கும் செய்திகளைத் திரட்டி, எது ஆதாரமுள்ளது, எது ஆதாரமற்றது என்று பிரித்துக்காட்டவே 'அல்மகாஸிதுல் ஹஸனா' என்னும் நூலை இயற்றினார்கள். சீனம் வரை சென்றேனும் கல்வி தேடுமாறு ஏவும் செய்தி நம் மேடைகளில் எத்துணைப் பிரபலம்! அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் சேர்த்துவிட்டார்கள். இன்று தேடினால் எது மேலே வரும் என்று நீங்களே பாருங்கள்.

விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018இல் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழ்த் தளங்களுக்கும் திறக்கப்பட்டது. தளம் நடத்தச் செலவுண்டு. ஹலாலான வருமானம் வருவதில் தடையில்லை. ஆனால் வட்டியின் தீமையை விளக்கும் கட்டுரையின் நடுவே உடனடிக் கடன் விளம்பரமும், ஷிர்க்கைக் கண்டிக்கும் கட்டுரையின் ஓரத்தில் ஜோதிட விளம்பரமும் ஒளிர்வதைப் பார்த்தும் பாராமல் இருக்கிறோம். இத்தகைய வகைகளைத் தடுக்கும் வசதி அமைப்பிலேயே உள்ளது. தடுத்தால் வருமானம் குறையும் என்பது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியாயின் ஆண்டுக் கணக்கே வேண்டாமா? வேண்டும். கணக்குப் பார்ப்பது முஸ்லிமின் குணம். ஆனால் நம்மைப் பற்றிக் கேட்கப்படும் கணக்கைப் பார்க்க வேண்டும். மக்கள் எந்தக் கேள்வியோடு வந்தார்கள் என்பதைத் தேடுபொறி அறிக்கை ஓரளவு காட்டுகிறது. மிக அரிதான தேடல்களை மட்டும் தனியுரிமை கருதி மறைத்துவிடுகிறது. அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் நம் பக்கத்தில் உண்மையில் விடை இருக்கிறதா என்று ஓர் ஆலிமை அருகில் அமர்த்திப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? தகுதியின்றி எழுதிய ஃபத்வாக்கள் எத்தனை நீக்கப்பட்டன? இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டு கேள்விகள் கேட்கப்பட்டபோது முப்பத்திரண்டுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என அறிவிக்கப்படுகிறது. நம் தளங்களில் 'எங்களுக்குத் தெரியாது, இன்னாரிடம் கேளுங்கள்' என்று சொல்லும் ஒரு பக்கத்தையேனும் காட்டுங்கள்!

பழைய பக்கங்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. தேடி வருபவர் புதிய கட்டுரைக்கு வருவதில்லை. பெரும்பாலும் என்றோ எழுதி மறந்த பழைய பக்கத்திற்கே வருகிறார். ஸகாத்தின் நிஸாபை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கு 595 கிராம் என்போரும் 612 கிராம் என்போரும் உண்டு. எதுவாயினும் கிராம் மாறாது, ரூபாய் மாறும். வெள்ளி விலை பெரிதும் ஏறிய பின்னும் பழைய விலையில் கணக்கிட்ட ரூபாய்த் தொகையே பல பக்கங்களில் நிற்கிறது. ஹனஃபி மத்ஹபின்படி நிஸாப் அளவு உடைமை உள்ளவருக்கு ஸகாத் கொடுக்கலாகாது. அந்தப் பழைய தொகையைப் பார்த்து ஒரு மஹல்லா நிர்வாகி, கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கும் ஏழைக் குடும்பம் ஒன்றைத் தகுதியற்றோர் பட்டியலில் சேர்த்துவிட்டால்? அந்தப் பக்கத்தை அவர் திறந்ததும் நம் அறிக்கையில் ஒரு வருகையாகவே பதிவாகியிருக்கும்.

ஆகவே தளம் நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டறிக்கையில் அந்த வண்ண வரைபடத்தை நீங்கள் தாராளமாக வெளியிடுங்கள். அதன் கீழே, உங்கள் தளத்தில் ஸகாத் பக்கத்தின் வெள்ளி விலை கடைசியாக எந்தத் தேதியில், யாரால் திருத்தப்பட்டது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.