கடையும் அவர்களதே, தீர்ப்பும் அவர்களதே!

சந்தைக்குக் கொண்டுவரும் 100 கிலோ மரக்கறியில் 10 கிலோவைக் “கழிவு” என்று தள்ளிவிட்டு, எஞ்சிய 90 கிலோவுக்கு மாத்திரம் விலை கொடுக்கும் வழக்கத்தை யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நன்கு அறிவர். விடியற்காலையிலே பறித்த, ஈரம் உலராத கத்தரிக்காயில் பத்திலொரு பங்கு கழிவு எங்கிருந்து வந்தது? தராசைப் பிடித்திருப்பவனே கழிவையும் தீர்மானிப்பானாயின் விற்பவனுக்கு நியாயம் எங்கே கிடைக்கும்? இக்கேள்விகளை எழுப்பியே நம் கமக்காரர் போராடினர். அவர்கள் கேட்டது சலுகையன்று, நீதி.

அதே அநீதி இன்று கண்ணுக்குப் புலப்படாத வேறொரு சந்தையிலே குடிபுகுந்திருக்கின்றது. அங்கே சரக்கைக் கொண்டுசெல்வோர் நம் கமக்காரரின் பிள்ளைகள். தராசைப் பிடித்திருப்போரோ கலிபோர்னியாவிலே வீற்றிருக்கின்றனர். கைத்தொலைபேசிச் செயலிகளை விற்கும் கடைகளைப் பற்றியே பேசுகின்றோம்.

இது படித்த இளைஞர் சிலரின் விவகாரம், நமக்கென்ன என்று எவரும் ஒதுங்கிவிடலாகாது. 1974 இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் அதன் பொறியியற் பீடம் எழுந்தது. தோட்டத்து வெங்காயத்தையும் மிளகாயையும் விற்ற காசிலே படிக்கவைத்த பிள்ளைகள் அங்கிருந்து வெளிவருகின்றனர். காணியும் பெருமுதலும் இன்றி, ஒரு கணினியையும் தம் அறிவையும் கொண்டு, வீட்டுத் திண்ணையில் இருந்தவாறே உலகத்துக்குப் பண்டம் விற்கக்கூடிய தொழில் இவர்களுடையது. குடாநாட்டுக்கு இதனிலும் உகந்த தொழில் வேறெது? அத்தொழிலின் வாயிலிலேதான் இரண்டு காவலர் நிற்கின்றனர்.

இரண்டே கடைகள்

ஒரு காவலரின் பெயர் அப்பிள்; மற்றவரின் பெயர் கூகிள். அப்பிள் 2008 ஜூலையிலே தன் செயலிக் கடையைத் திறந்தது. கூகிளின் கடை அதே ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்டது. சீனத்தை நீக்கிப் பார்த்தால், உலகின் கைத்தொலைபேசிகளுக்குச் செயலிகள் பெரும்பாலும் இவ்விரு வாயில்களாலேயே செல்கின்றன. உள்ளே நுழைவதற்கு அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர் செலுத்தவேண்டும். நம் நாணயத்தில் அது ஏறத்தாழ 30,000 ரூபா. கூகிளுக்கு ஒருமுறை 25 டொலர்.

நுழைவுக் கட்டணத்தோடு முடிந்ததா? இல்லை. செயலியை விற்றாலும், செயலிக்குள்ளே டிஜிற்றல் பண்டமொன்றை விற்றாலும், விலையில் 30 வீதம் கடைக்காரருக்கு என்பதே முதலில் வகுத்த விதி. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னர், 2021 இலே சிறிய ஆக்குநருக்கு அது 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. பத்துக் கிலோக் கழிவுக்காகக் கொதித்தெழுந்த நாம், நம் பிள்ளையின் உழைப்பில் 15 வீதத்தையும் 30 வீதத்தையும் பேச்சின்றிப் பறிகொடுக்கலாமா?

இன்னுமொரு விதியைப் பாருங்கள். 2023 நவம்பரின் பின் கூகிளில் தனியாளாகக் கணக்குத் திறப்பவர், 20 பேரைத் திரட்டி 14 நாட்கள் தொடர்ந்து தம் செயலியைப் பரீட்சிக்கச் செய்த பின்னரே அதனைக் கடையில் வைக்க விண்ணப்பிக்கலாம் என்று விதிக்கப்பட்டது. 2024 இறுதியிலே இருபது பன்னிரண்டாகக் குறைந்தது. கொம்பனியாகப் பதிந்துகொண்டவருக்கு இந்நிபந்தனை இல்லை! பெருங்கொம்பனிக்குத் திறந்த கதவு, உடுப்பிட்டியிலே தனித்திருந்து உழைக்கும் இளைஞனுக்குச் சாத்திய கதவாகின்றது. ஏழைக்கு ஒரு நீதி, செல்வனுக்கு ஒரு நீதி என்பது வேறென்ன?

கையொப்பமா, சரணாகதியா?

பணத்தினும் பெரிய கேடு ஒப்பந்தத்திலே மறைந்திருக்கின்றது. இரு தரப்பாரும் பேசி இணங்குவதே ஒப்பந்தம் என்று சட்டம் படித்த காலத்திலே நாம் கற்றோம். இக்கடைகளின் உரிம ஒப்பந்தத்திலே பேச்சுக்கு இடமில்லை. “இணங்குகின்றேன்” என்ற பொத்தானை அழுத்தலாம். அன்றேல் தொழிலையே விட்டொழியலாம். ஒரு சொல்லையேனும் மாற்ற இயலாது. விதிகளை மாற்றும் உரிமையோ கடைக்காரரிடமே இருக்கின்றது. 30 நாள் முன்னறிவித்தல் கொடுத்து ஆக்குநருடனான உறவை முறித்துக்கொள்ளவும் கூகிளின் ஒப்பந்தம் இடமளிக்கின்றது. பிணக்கு எழுந்தால் எந்த நீதிமன்றம்? யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றமா? அன்று. கலிபோர்னியா மாநிலத்தின் சாந்தா கிளாரா மாவட்டத்து நீதிமன்றங்களே! சில இலட்சம் ரூபா வருமானத்துக்காக எந்த இளைஞன் கடல் கடந்து சென்று வழக்காடுவான்? வழக்காட முடியாத உரிமை, உரிமையே அன்று.

வலிகாமத்து இளைஞர் ஒருவர் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். சந்தை விலைகளையும் மழைக்குறிப்புகளையும் கமக்காரருக்குத் தமிழிலே தெரிவிக்கும் செயலி ஒன்றை இரண்டு வருடம் பாடுபட்டு ஆக்கியவர் அவர். ஒருநாள் காலை அச்செயலி கடையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. எந்தக் கடை என்பது இங்கே அவசியமன்று. விதியை மீறினீர் என்று மூன்று வரிக் கடிதம் வந்தது. எந்த விதி, எந்தப் பக்கத்தில், எவ்வாறு மீறப்பட்டது? பதிலில்லை. மேன்முறையீடு செய்தார், அதே மூன்று வரிகள் திரும்பி வந்தன. எழுதியது மனிதனா இயந்திரமா என்பதையும் அவரால் அறியமுடியவில்லை. இத்தகைய முறைப்பாடு உலகெங்கும் தனியாட்களான ஆக்குநரிடமிருந்து எழுவதே.

குற்றத்தை இன்னதென்று சொல்லாமலும், மறுமொழி கேளாமலும் எவரையும் தண்டிக்கலாகாது என்பது இயற்கை நீதியின் முதல் விதி. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்பது இரண்டாவது விதி. இவை மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தவை என்று எண்ணவேண்டாம். விசாரியாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன் தன் உயிரையே ஈடாகக் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த இனம் நம்மினம். அப்பாண்டியனுக்காவது தன் தவறு விளங்கிற்று.

சென்னையில் நடந்தது

தனியாட்களுக்கு மட்டுமே இக்கதி என்று எண்ணுவோர் சென்னையை நோக்குக. தமிழ்நாட்டவரான முருகவேல் ஜானகிராமன் நிறுவிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றிமொனி நிறுவனத்தின் திருமணச் செயலிகளை இந்தியத் தமிழர் பலர் அறிவர். கூகிளின் கட்டண விதியை எதிர்த்து அந்நிறுவனமும் வேறு சிலவும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. இது போட்டிச் சட்டத்தின் கீழ் ஆணைக்குழுவுக்கு உரிய விடயம் என்று 2023 ஆகஸ்டில் வழக்குகள் நிராகரிக்கப்பட்டன. 2024 ஜனவரியில் மேன்முறையீடும் தோல்வியுற்றது. உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் வழங்கவில்லை. மார்ச் 1 ஆந் திகதி அச்செயலிகள் கடையிலிருந்து அகற்றப்பட்டன. இந்திய அமைச்சர் தலையிட்ட பின்னர் சில நாட்களிலே அவை திரும்பவும் வைக்கப்பட்டன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பங்குச் சந்தையிலே இடம்பெற்ற நிறுவனத்துக்கே ஒரே நாளிற் கதவு சாத்தப்பட்டது. அதைத் திறப்பித்தது கடைக்காரரின் கருணையன்று. ஓர் அரசாங்கத்தின் குரல். நம் வலிகாமத்து இளைஞனுக்காகக் குரல் கொடுக்க எந்த அமைச்சர் எழுந்தார்?

ஏனைய நாடுகள் வாளாவிருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தென்கொரியப் பாராளுமன்றம், தங்கள் கட்டண முறையையே பயன்படுத்துமாறு கடைக்காரர் ஆக்குநரை வற்புறுத்துவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. இந்தியாவின் போட்டி ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் கூகிளுக்கு 936 கோடி இந்திய ரூபா தண்டம் விதித்தது. மேன்முறையீட்டு நியாயசபை 2025 இல் அதனை 216 கோடியாகக் குறைத்த போதிலும் முற்றாக நீக்கவில்லை. 2023 டிசம்பரிலே அமெரிக்க யூரர்கள் கூகிள் சட்டவிரோதமான ஏகபோகத்தை நடத்தியதெனத் தீர்த்தனர். அப்பிள் தன் மீதான வழக்கிற் பெரும்பாலான விடயங்களில் வென்றது உண்மையே. ஆயினும், தோற்ற ஒரு விடயத்திலும் நீதிமன்றக் கட்டளையை அது வேண்டுமென்றே மீறியதென 2025 ஏப்பிரலில் அந்நீதிபதியே தீர்ப்பளித்தார். அதே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 500 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

கள்வரையும் மோசடிக்காரரையும் தடுக்கக் காவல் வேண்டாமா என்று சிலர் கேட்பர். வேண்டும். கமக்காரர் சந்தையை மூடச் சொல்லவில்லை. அழுகிய காயைத் தள்ளவேண்டாமென்றும் சொல்லவில்லை. அழுகியது எதுவெனக் காட்டித் தள்ளுக என்றே சொன்னார்கள். நாமும் அதையே சொல்கின்றோம். பிடிக்காவிட்டால் வேறு சந்தைக்குப் போகலாமே என்பர் வேறு சிலர். எங்கே போவது? கடைக்கு வெளியே செயலி வழங்குவோரும் தம்மிடம் அடையாளம் காட்டிப் பதியவேண்டும் என்ற விதியை 2026 செப்டெம்பரில் நான்கு நாடுகளில் தொடங்கப்போவதாகக் கூகிள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. சந்தைக்கு வெளியேயுள்ள ஒழுங்கைக்கும் வாயிற்காவலரா?

செய்யவேண்டியவை

இலங்கையிலே சட்டமே இல்லையென்று கூறமுடியாது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் உண்டு. போட்டிக்கு விரோதமான வழக்கங்களை விசாரிக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. ஆனால் இவை எழுந்த காலத்திலே செயலிக் கடை என்ற ஒன்றே இருக்கவில்லை. வெளிநாட்டுக்குச் சேவை விற்று ஈட்டும் வருமானத்துக்கு 2025 ஏப்பிரல் முதல் 15 வீதம் வரை வரி விதிக்க அரசாங்கத்துக்கு நினைவு வந்தது. வரி கொடுப்பவனைக் காக்க மாத்திரம் நினைவு வரவில்லையா?

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. செயலியை நீக்குமுன், மீறிய விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் அறிவித்து, மறுமொழி கேட்டு, மனிதரொருவர் தீர்க்கவேண்டும். இந்நாட்டு ஆக்குநரின் பிணக்கை இந்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க வழி செய்யவேண்டும். பங்கு வீதத்தையும் கட்டண முறையையும் நுகர்வோர் அதிகாரசபை விசாரிக்க அதிகாரம் பெறவேண்டும். இவற்றைச் சட்டமாக்கும்படி வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றிச் சபையிலே கேட்கவேண்டும்.

அரசாங்கத்தை மாத்திரம் நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. 1930களிலே மலையாளத்துக்குப் புகையிலை அனுப்பிய நம் முன்னோர் வியாபாரியின் முன் தனித்தனியே கைகட்டி நிற்கவில்லை; கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்து ஒன்றாகச் சென்றனர். மூளாயிலே கூட்டுறவால் வைத்தியசாலையையே நடத்திக் காட்டியவர் நம் மக்கள். இன்றைய இளம் ஆக்குநரும் சங்கமாகச் சேரட்டும். தனியாட்களாகவன்றி ஒரே நிறுவனமாகப் பதிந்து, நுழைவுக் கட்டணத்தைப் பகிரட்டும். ஒருவரின் செயலிக்கு மற்றவர் பரீட்சகராகட்டும். நீக்கற் கடிதம் ஒவ்வொன்றையும் பதிவேட்டிலே சேர்க்கட்டும்; சான்றின்றி எந்த அதிகாரசபையும் அசையாது. அப்பதிவேட்டை வைத்து முறைப்பாட்டை வரைந்து கொடுக்கச் சட்டத்தரணிகளாகிய நாம் கட்டணமின்றி முன்வரவேண்டும்.

பத்துக் கிலோவுக்காகப் போராடிய தந்தையரே, உங்கள் பிள்ளைகளின் தராசையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.