டீகாஃப் காபி: காஃபீனை எடுத்தது எது? லேபிளில் தேட வேண்டிய விஷயம்

ராத்திரி காபி குடித்தால் தூக்கம் போய்விடும் என்பவர்களுக்கு டீகாஃப் வசதியான வழி. ஆனால் அமெரிக்காவில் அதைச் சுற்றி ஒரு சட்டப் பிரச்சினை கிளம்பியிருக்கிறது. காஃபீனை எடுக்க உதவும் மெத்திலீன் குளோரைடு என்ற ரசாயனத்தை உணவில் அனுமதிக்கக் கூடாது என்று சில அமைப்புகள் மனு கொடுத்தன. அதன் மீது உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2024 ஜனவரியில் மக்களிடம் கருத்து கேட்டது.

டீகாஃப் என்று தனிச் செடி இருக்கா?

காஃபீன் மிகக் குறைவாக உள்ள எத்தியோப்பிய வகை அராபிகா செடிகளைக் கண்டறிந்ததாக பிரேசில் விஞ்ஞானிகள் 2004-ல் அறிவித்தார்கள். ஆனால் நாம் கடையில் வாங்கும் டீகாஃப், சாதாரண காபிச் செடியில் விளைந்ததுதான். வறுப்பதற்கு முன்பே, பச்சைக் கொட்டையிலிருந்து காஃபீனை எடுத்துவிடுகிறார்கள்.

எப்படி எடுக்கிறார்கள்?

முதலில் நீரிலோ நீராவியிலோ கொட்டையை ஊற வைத்து உப்பச் செய்வார்கள். அதன் பிறகு நான்கு வழிகள்:

- மெத்திலீன் குளோரைடு: காஃபீனைக் கரைத்து எடுக்கும். சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும்.
- எத்தில் அசிடேட்: பழங்களில் இயல்பாகவே இருக்கும் பொருள். கொலம்பியாவில் இதைக் கரும்பிலிருந்து தயாரிப்பதால் 'கரும்பு டீகாஃப்' என்று பெயர். காபியில் கரும்புச் சாறு சுவை வராது.
- தண்ணீர்: காபியின் சுவைப் பொருள்கள் நிறைந்த, காஃபீன் இல்லாத நீரில் கொட்டையை ஊற வைப்பார்கள். காஃபீன் மட்டும் வெளியேறும். அதை கார்பன் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். கனடாவின் 'ஸ்விஸ் வாட்டர்' முறை இதுதான்.
- கார்பன் டை ஆக்சைடு: உயர் அழுத்தத்தில் காஃபீனைப் பிரிக்கும். இயந்திரச் செலவு அதிகம்.

எதுவானாலும் காஃபீன் முழுசா போகாது. ஒரு கப் டீகாஃபில் 2 முதல் 15 மில்லிகிராம் வரை இருக்கலாம்.

அப்போ பயப்படணுமா?

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. முதலாவது, கோப்பையில் எவ்வளவு மிஞ்சுகிறது? வறுத்த டீகாஃபில் 10 பிபிஎம் வரை இந்த ரசாயனம் இருக்கலாம் என்கிறது எஃப்டிஏ. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 2 பிபிஎம். வறுக்கும் சூட்டில் பெரும்பகுதி பறந்துவிடும் என்பது தொழில்துறையின் வாதம்.

இரண்டாவது, சட்டம். விலங்குகளுக்கோ மனிதர்களுக்கோ புற்றுநோய் உண்டாக்கும் உணவுச் சேர்க்கைக்கு அனுமதி கூடாது என்கிறது 1958-ன் டெலானி விதி. அளவு எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. 2025 ஜனவரியில் 'ரெட் நம்பர் 3' சாயத்துக்கான அனுமதியை ரத்து செய்ததும் இந்த விதியின் கீழ்தான். மனுதாரர்களின் பிடியும் இதுவே.

பெரிய ஆபத்து அதைக் கையாளும் தொழிலாளிக்குத்தான். 2024 ஏப்ரலில் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. 1980 முதல் குறைந்தது 88 பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெயின்ட் உரிக்கும் வேலையில் இருந்தவர்கள். உணவு எஃப்டிஏ-வின் எல்லையில் வருவதால் காபி அந்தத் தடையில் சிக்கவில்லை.

ஸ்பெஷாலிட்டி டீகாஃபில் என்ன வித்தியாசம்?

முன்பெல்லாம் தரம் குறைந்த கொட்டைதான் டீகாஃபுக்குப் போகும் என்ற பெயர் இருந்தது. இப்போது 100-க்கு 80 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கும் கொட்டைகளையே அனுப்புகிறார்கள். கொலம்பியாவில் விளைந்த கொட்டையின் காஃபீனை அங்குள்ள மனிசாலெஸ் நகரிலேயே எடுக்க முடிகிறது. இதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. அந்த வேலைக்கான கூலியும் விளைந்த நாட்டிலேயே தங்குகிறது.

ஆகவே பாக்கெட்டில் 'டீகாஃப்' என்ற சொல்லோடு நிற்காதீர்கள். எந்தத் தோட்டம், எந்த முறை என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். நல்ல கொட்டைக்குக் காசு கொடுத்தவர், அதைச் சொல்லத் தயங்க மாட்டார்.